அறுபது பேரை அனுப்பினால் லாபம் கூடுமா?

ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் அவருடைய அப்பா ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனி நடத்துகிறார். 140 பேர், ஏறக்குறைய எல்லோரும் பெர்மனென்ட். கன்சல்டன்ட் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அறுபது பேரை வி.ஆர்.எஸ். (பணம் வாங்கிக்கொண்டு விருப்ப ஓய்வு) கொடுத்து அனுப்பிவிட்டு, தகட்டை அழுத்திப் பாகம் அடிக்கும் பிரஸ் ஷாப்பையும் பேக்கிங்கையும் கான்ட்ராக்டில் விடச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு மனமில்லை. எம்.பி.ஏ. முடித்த மகனுக்கோ கன்சல்டன்டின் கணக்கு சரியாகப் படுகிறது. "ஆட்களுக்குச் செலவு செய்தால் கம்பெனி வளரும் என்பது நிஜமா, வெறும் சென்டிமென்ட்டா?" என்று கேட்கிறார்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் 29 வருஷம் இருந்தவன். முதல் பாதி ஷாப் ஃப்ளோரில், மீதி பர்சனல் டிபார்ட்மென்டில். வி.ஆர்.எஸ். பேப்பரை ஆட்கள் கையில் கொடுத்த பாவமும் என் கணக்கில் உண்டு. உங்கள் அப்பா பேசுவது சென்டிமென்ட் மாதிரி இருந்தாலும் கணக்கு பெரும்பாலும் அவர் பக்கம்தான் தம்பி. எங்கே அவர் பக்கம் இல்லை என்பதையும் சொல்கிறேன்.

கன்சல்டன்டின் தாளில் என்ன இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கணக்குக்காக ஒரு எண் வைத்துக்கொள்வோம். பெர்மனென்ட் ஆளுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் 28,000 ரூபாய். கான்ட்ராக்ட் ஆளுக்கு, கான்ட்ராக்டர் கமிஷனையும் சேர்த்து 19,000. வித்தியாசம் 9,000. அறுபது பேருக்கு மாதம் 5.4 லட்சம், வருஷத்துக்கு 64.8 லட்சம். வி.ஆர்.எஸ். பணம் இரண்டு மூன்று வருஷத்தில் எடுத்துவிடலாம். இந்தத் தாளில் கூட்டல் தப்பு எதுவும் இருக்காது. சம்பளம் மாதாமாதம் ஏழாம் தேதி வெளியே போகும் பணம், அதனால் எல்லோர் கண்ணிலும் படும். ஆளோடு சேர்ந்து வெளியே போகிற மற்றதற்கு டாலி கணக்கு சாஃப்ட்வேரில் லெட்ஜர் கிடையாது.

அது என்ன என்று எனக்குக் காட்டியவர் எங்கள் பிரஸ் ஷாப் டை செட்டர். பெயர் வேண்டாம், நாங்கள் எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிடுவோம். 160 டன் பவர் பிரஸ்ஸில் ஒரு டையை, அதாவது பாகத்துக்கு உருவம் கொடுக்கும் அச்சை, இறக்கி இன்னொன்றை ஏற்ற அவருக்கு நாற்பது நிமிஷம். பத்து பதினைந்து வருஷம் அடி வாங்கிய டை எதுவும் டிராயிங்கில் இருப்பது மாதிரி இருக்காது. ஒன்று ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், இன்னொன்று லேசாகச் சாய்ந்திருக்கும். அடியில் பித்தளைத் தகட்டுத் துண்டு, ஷிம் என்போம், சரியான இடத்தில் சரியான கனத்தில் கொடுத்தால்தான் பாகத்தின் ஓரத்தில் பிசிறு வராது. இதையெல்லாம் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட நோட்டு. டிபன் பையில்தான் இருக்கும். நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். "14: இடது பின்பக்கம் 0.2. வேற மில் காயில் வந்தா 0.1 எடு." அதாவது 14-ஆம் டைக்கு எங்கே எவ்வளவு ஷிம், வேறு ஆலைத் தகட்டுச் சுருள் வந்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று. இப்படிப் பக்கம் பக்கமாக.

2014-இல் வி.ஆர்.எஸ். திறந்தோம். யார் போனால் பரவாயில்லை என்று நாங்கள் நினைத்தோமோ அவர்கள் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வேலை கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் முதல் வாரமே கையெழுத்துப் போட்டார்கள். எந்த வி.ஆர்.எஸ்.ஸிலும் இதுதான் நடக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியும் போனார். டிபன் பையும் போயிற்று. அதில் நோட்டு இருப்பது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்புறம் வந்த கான்ட்ராக்ட் பையன்கள் சோம்பேறிகள் இல்லை. நல்ல பையன்கள். ஆனால் டை ஏற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிரஸ்ஸில் ஷிப்டுக்கு மூன்று தடவை டை மாற்றம், இரண்டு ஷிப்ட், ஆக ஆறு. ஒவ்வொன்றிலும் 80 நிமிஷம் கூடுதல் என்றால் 480 நிமிஷம். அதாவது தினமும் ஒரு முழு ஷிப்ட் பிரஸ் சும்மா நிற்கிறது. இதைச் சமாளிக்க என்ன செய்வோம்? டையை அடிக்கடி மாற்றாமல் ஒரே பாகத்தை மலை மாதிரி அடித்து வைப்போம். ஸ்டோரில் சரக்கு குவியும், பேங்க் வட்டி ஏறும், பிசிறு வந்தது தெரிவதற்குள் ஐயாயிரம் பீஸ் அடித்திருப்போம். கெட்ட பீஸுக்குப் பணத்தைப் பிடித்துக்கொண்டு கஸ்டமர் டெபிட் நோட் அனுப்புவார். டெபிட் நோட் குவாலிட்டி கணக்கில் ஏறும், வட்டி ஃபைனான்ஸ் கணக்கில், ஓவர்டைம் கூலி புரொடக்‌ஷன் கணக்கில். கான்ட்ராக்ட் விட்ட கணக்கில் மட்டும் மிச்சம் அப்படியே பளபளவென்று இருக்கும். எங்கள் எம்.டி. இரண்டு வருஷம் அந்த ஒரு வரியைக் காட்டிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

தீபாவளி, பொங்கல், ஹோலி என்று ஊருக்குப் போகும் பையன்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை என்பதை உங்கள் அப்பாவே சொல்வார். ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்தால் ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பெனி அவர்களை எப்படி வைத்திருக்கிறதோ அப்படித்தான் அவர்களும் கம்பெனியை வைத்திருப்பார்கள்.

சரி, ஆட்களுக்குச் செலவு செய்து வளர்ந்தவர்கள் யார்? இதற்கு நீங்கள் ஜப்பான் போக வேண்டாம், பாடி வரை போனால் போதும். தரத்துக்கான டெமிங் பரிசை ஜப்பானியர்கள் 1951-இலிருந்து கொடுத்து வருகிறார்கள். இந்தியாவில் அதை முதலில் வாங்கியது 1998-இல் பாடியில் இருந்த சுந்தரம் க்ளேட்டன் பிரேக்ஸ் டிவிஷன். அப்புறம் 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-இல் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-இல் லூகாஸ் டி.வி.எஸ். என்று நம் பாடி, அம்பத்தூர் பக்கத்துக் கம்பெனிகள் வரிசையாக வாங்கின. ஏதோ மாயம் நடந்துவிடவில்லை. 1991-க்குப் பிறகு கதவு திறந்தது, வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் சென்னைக்கு வந்தன, இந்தத் தரத்தில் கொடுத்தால்தான் ஆர்டர் என்றன. பேராசிரியர் சூடா போன்ற ஜப்பானியர்கள் வந்து ஷாப் ஃப்ளோரில் நின்று சொல்லிக் கொடுத்தார்கள். பரிசுக்குப் பெயர் தந்த அமெரிக்கத் தர நிபுணர் டெமிங்கின் பதினான்கு விதிகளில் ஒன்று வேலையிலேயே பயிற்சி கொடு என்பது, இன்னொன்று பயத்தை விரட்டு என்பது. இரண்டாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரானது. இந்த மிஷினில் ஆறு பேர் வேண்டாம், நாலு பேர் போதும் என்று ஒரு ஆபரேட்டருக்குத் தெரிந்தாலும் எப்போது வாயைத் திறப்பான்? மிச்சமாகும் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், வேறு லைனில் போடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான். ஆள் குறைப்பு நடந்த கம்பெனியின் சஜஷன் பாக்ஸில் சிலந்தி வலைதான் இருக்கும்.

டொயோட்டாவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், 1950-ஐ விட்டுவிடுவார்கள். அந்த வருஷம் கம்பெனி திவாலாகும் நிலை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே போனார்கள், வேலைநிறுத்தம் நடந்தது, நிறுவனர் கீச்சிரோ டொயோடா தானும் பதவியை விட்டார். வேலை நிரந்தரம், அதற்குப் பதிலாக வேலை முறையை மாற்ற ஒத்துழைப்பு என்ற ஏற்பாடு அந்தக் காயத்திலிருந்து வளர்ந்ததுதான். 2008-இல் அமெரிக்காவில் வண்டி விற்காமல் போனபோது டெக்சாஸ், இண்டியானா ஆலைகளில் மாதக்கணக்கில் உற்பத்தியை நிறுத்தி, ஆட்களை நிறுத்தாமல், உள்ளேயே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிக் கொடுத்தால் ஓடிவிடுவான் சார்" என்பார்கள். அம்பத்தூரில் இதைச் சொல்லாத முதலாளியை நான் பார்த்ததில்லை. உண்மையும்தான், சிலர் ஓடுவார்கள். ஹென்றி ஃபோர்டுக்கு இதே தலைவலி இருந்தது. 1913-இல் டெட்ராய்ட் ஆலையில் ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம். ஒரு இடத்துக்கு வருஷத்தில் நாலு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1914 ஜனவரியில் அவர் ஒன்பது மணி நேரத்தை எட்டாக்கி, சுமார் இரண்டரை டாலராக இருந்த நாள் கூலியை ஐந்து டாலராக்கினார். ஒரே வருஷத்தில் அந்த 370 என்பது 54 ஆகி, அடுத்த வருஷம் 16-க்கு வந்துவிட்டது. இதை வைத்து ஃபோர்டை மகாத்மா ஆக்கிவிட வேண்டாம். ஐந்து டாலர் எல்லோருக்கும் இல்லை. குடிக்கிறானா, வீடு சுத்தமா என்று பார்க்க ஆள் அனுப்பி, பாஸானவனுக்குத்தான் கொடுத்தார். கணக்குப் பார்த்துத்தான் செய்தார். அதனால்தான் இந்த உதாரணம் எனக்குப் பிடிக்கும்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைத் தொடர் இருந்தது. 2007 மார்ச்சில் அதிகச் சம்பளம் வாங்கிய 3,400 விற்பனையாளர்களை ஒரே நாளில் அனுப்பிவிட்டு, குறைந்த சம்பளத்தில் புது ஆள் எடுத்தார்கள். டி.வி. வாங்க வருகிறவனுக்கு எது நல்லது என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் போன அந்த 3,400 பேர். 2008 நவம்பரில் திவால் மனு, 2009-இல் கடையே இல்லை. பொருளாதார மந்தமும் போட்டியும் அவர்களை எப்படியும் சாய்த்திருக்கலாம். ஆனாலும் விழப்போகிற நேரத்தில் ஊன்றுகோலை விறகாக எரித்தவர்கள் அவர்கள்.

வெளியே கொடுப்பதில் பாடம் வேண்டுமென்றால் போயிங் 787. பாகங்களில் சுமார் 70 சதவீதத்தை, டிசைனையும் சேர்த்து, உலகம் முழுக்க சப்ளையர்களிடம் விட்டார்கள். 2007 ஜூலையில் விமானத்தை ஊருக்கெல்லாம் காட்டினார்கள். உள்ளே வெற்றுக்கூடு, தற்காலிக போல்ட்டில் நின்றுகொண்டிருந்தது. 2008-இல் கொடுக்க வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தது. 2005-இல் விற்றுவிட்ட விச்சிட்டா ஆலையை வைத்திருந்த கம்பெனியை 2024-இல் 470 கோடி டாலருக்குத் திரும்ப வாங்குவதாக அறிவித்தார்கள். வேலையை வெளியே கொடுக்கலாம். அந்த வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், அப்புறம் சப்ளையர் சொல்வதுதான் உங்களுக்கு வேதம்.

இப்போது மறுபக்கம். நான் சொல்வதை வைத்துக்கொண்டு யாரையும் எப்போதும் அனுப்பக்கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கான இளம் பிள்ளைகள், பெண்கள் நிறைய. அவர்கள் கை வேகத்தில் குறை சொல்ல முடியாது. பட்டன் போன் சந்தை ஸ்மார்ட்போனிடம் போனது, வரித் தகராறில் ஆலை முடக்கப்பட்டு, நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியதில் அது சேராமல் நின்றுவிட்டது. எவ்வளவு பயிற்சி கொடுத்திருந்தாலும் அதைக் காப்பாற்றியிருக்காது. மறைமலை நகர் ஃபோர்டும் அப்படித்தான். 2021 செப்டம்பரில் வெளியேறுகிறோம் என்று அறிவித்தபோது இந்தியச் சந்தையில் அவர்கள் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. வண்டி விற்காததற்கு அசெம்ப்ளி லைனில் நின்றவர் என்ன செய்வார்? பொருளுக்கே கிராக்கி போய்விட்டால் அது வேறு வியாதி, அதற்கு வேறு மருந்து. உங்கள் ஆர்டர் புக் நிறைந்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு வந்திருப்பது இந்த வியாதி இல்லை.

வெளியே கொடுப்பதை ஒட்டுமொத்தமாகத் திட்டவும் சென்னைக்காரனுக்கு வாய் கிடையாது. அமெரிக்காவில் யாரோ ஒருவரின் மேஜை காலியானதில்தான் ஓ.எம்.ஆரில் பாதி ஐ.டி. கம்பெனிக் கட்டடம் எழுந்தது. அதே சூத்திரம் இப்போது இங்கேயே திரும்புகிறது. புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கிறாய், நீயே ராஜினாமா எழுதிக் கொடு, ரிலீவிங் லெட்டர் சுத்தமாகத் தருகிறோம் என்று மீட்டிங் ரூமில் கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிறார்கள். உங்கள் கம்பெனியில் கேன்டீன், செக்யூரிட்டி, வண்டி, தோட்டம் எல்லாம் தாராளமாக வெளியே விடலாம். பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் மாதிரி தனித் தொழில்களை அதே தொழிலில் ஊறியவரிடம் கொடுப்பது புத்திசாலித்தனம். பேக்கிங்கில் கன்சல்டன்ட் சொல்வது எனக்கும் சரியாகப் படுகிறது. பிரஸ் ஷாப்தான் தப்பு. அதுதான் உங்கள் கம்பெனியே.

சட்டத்திலும் அந்த வித்தியாசம் வந்துவிட்டது, கன்சல்டன்ட் சொன்னாரா தெரியவில்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி தேவை என்ற வரம்பு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆகிவிட்டது. 140 பேர் உள்ள உங்களுக்கு அனுமதி வேண்டாம், அந்தத் தைரியத்தில்தான் அவர் பேசியிருப்பார். ஆனால் ஒரு மாத நோட்டீஸ், ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம் என்பது அப்படியே இருக்கிறது. அதற்கு மேல், அனுப்பப்படுகிறவர் புதிய திறன் கற்க இன்னொரு 15 நாள் சம்பளம் நிதியில் கட்ட வேண்டும். கிராஜுவிட்டி தனி. 50 பேருக்குக் குறையாமல் கான்ட்ராக்ட் ஆட்கள் இருக்கும் இடத்தில், கம்பெனியின் மையத் தொழிலில் கான்ட்ராக்ட் கூடாது என்றும் இருக்கிறது. சில விலக்குகள் உண்டு. ஆனாலும் பிரஸ் பாகம் செய்யும் கம்பெனி, பிரஸ் ஷாப் எங்கள் மையத் தொழில் இல்லை என்று எப்படி வாதாடும்? இது போக, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் பெர்மனென்ட் என்று 1981-இலேயே தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதற்குப் பயந்து பையன்களுக்கு இடையில் பிரேக் கொடுத்து அனுப்புவார்கள். கற்றுக்கொண்ட ஆளைக் கற்றுக்கொண்ட நேரம் பார்த்து அனுப்புவதற்கு எஸ்டேட்டில் ஒரு பெயர் உண்டு, இங்கே எழுத முடியாது.

ஒரு சின்னச் சொல் விளக்கம்: நாம் பேச்சில் லே-ஆஃப் என்பது சட்டத்தில் வேறு. கரன்ட் இல்லை, மெட்டீரியல் இல்லை என்று தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாமல் பாதிச் சம்பளம் கொடுத்து நிறுத்தி வைப்பதுதான் சட்டத்தின் லே-ஆஃப். ஒரேயடியாக அனுப்புவது ரிட்ரெஞ்ச்மென்ட். வக்கீலிடம் பேசும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆட்களுக்குச் செலவு என்றால் பிறந்த நாளுக்கு கேக் வெட்டுவதில்லை. பிரஸ் ஷாப் சுவரில் ஒரு அட்டவணை மாட்டுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே மிஷின்கள், கட்டத்துக்குக் கட்டம் நாலாகப் பிரித்த ஒரு வட்டம். பக்கத்தில் ஒருவர் நின்றால் செய்வான் என்றால் கால் வட்டம் கறுப்பு, தனியாகச் செய்வான் என்றால் அரை, கோளாறு வந்தால் சரி செய்வான் என்றால் முக்கால், அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பான் என்றால் முழு வட்டம். பெரிய கம்பெனிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள், கஸ்டமர் ஆடிட்டுக்கு முந்தின நாள் கலர் அடிப்பார்கள். நீங்கள் நிஜமாகச் செய்யுங்கள். ஒரு வட்டம் முழுசானால் சம்பளத்தில் இவ்வளவு என்று எழுதிப் போடுங்கள், சம்பள ஒப்பந்தத்திலேயே (செட்டில்மென்ட்) சேர்த்துவிடுங்கள். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யிலிருந்து வருஷத்துக்கு ஐந்தாறு அப்ரென்டிஸ் எடுத்து, முழு வட்டக்காரர்களிடம் ஒப்படையுங்கள். வயதாகி ஓய்வு பெறுகிறவர்கள் இடத்தை நிரப்பாமல் விட்டாலே ஐந்து வருஷத்தில் ஒரு இருபது பேர் தானாகக் குறைவார்கள். உங்கள் மஸ்டர் ரோலை (ஆள் பதிவேட்டை) எடுத்து வயதைப் பாருங்கள்.

கன்சல்டன்டை மறுபடி கூப்பிட்டால், கடந்த ஒரு வருஷ டை மாற்ற நேரம், டெபிட் நோட் தொகை, மாதாமாதம் புதிதாக வந்த ஆட்களின் எண்ணிக்கை, மூன்றையும் அவர் தாளில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்கள் பிரஸ் ஷாப்பில் டிபன் பையில் நோட்டு வைத்திருப்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள்.

நாங்கள் கண்டுபிடித்தது 2016 ஜனவரியில். நானும் புரொடக்‌ஷன் மேனேஜரும் கொரட்டூரில் மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். சுவரில் 2015 டிசம்பர் வெள்ளத்தின் கோடு இடுப்பு உயரத்துக்கு இருந்தது. காபி கொடுத்தார். திரும்ப வரச் சொல்லிக் கேட்டோம், நோட்டையும் கேட்டோம்.

"அது தண்ணியில போயிடுச்சு சார். கீழ்த்தட்டுல வெச்சிருந்தேன்" என்றார்.

வாரத்துக்கு மூன்று நாள் வர ஒத்துக்கொண்டார். 38 டைகளையும் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்து, ஷிம் கணக்கை முதலிலிருந்து எழுத எட்டு மாதம் ஆயிற்று. அந்த மூன்று நாளுக்கு அவர் கேட்டதும் நாங்கள் கொடுத்ததும், பெர்மனென்டாக ஆறு நாள் வேலை செய்து அவர் வாங்கிய சம்பளத்தைவிட அதிகம்.